ஒரே பாட்டிலில் மூன்று மருந்து

நுரைக்காரர் அன்று காலை எதையும் வாய்விட்டுப் படிக்கவில்லை.

சொட்டு அக்காவுக்கு அதுதான் முதலில் உறைத்தது. கண்புரை ஆபரேஷன் முடிந்து கட்டைப் பிரித்த நாளிலிருந்து அவள் வீட்டுக்காரரின் வாய் ஓய்ந்ததே கிடையாது. எதிர்க்கடைப் பலகை, ஓடுகிற வண்டிகளின் முதுகு, மாத்திரை அட்டை, செருப்பின் அடியில் இருக்கும் எண் என்று கண்ணில் பட்டதையெல்லாம் படித்தாக வேண்டும், அதுவும் தெருவுக்கே கேட்கிற மாதிரி. இரண்டு நாளைக்கு முன்புகூடப் பல் துலக்கிக்கொண்டே பினாயில் கேனைத் தூக்கிப் பிடித்து, "குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்" என்று பற்பசை தெறிக்கப் படித்தார்.

"இந்த வீட்டுல இருக்கிற ஒரே குழந்தை நீங்கதான். உங்களுக்கு எட்டாத இடத்துக்கு நான் எங்க போவேன்?" என்று கேட்டாள் அவள்.

அப்படிப்பட்ட மனிதர் இன்று ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு மூடியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். வெளியே வண்டிகள் போயின. ஒன்றையும் படிக்கவில்லை.

அவர்கள் கடையில் பினாயிலும், கழுவும் திரவமான சோப்பாயிலும் அளந்து விற்றார்கள். ஜனங்கள் வீட்டிலிருந்து காலி பாட்டில் கொண்டுவந்து நிரப்பிக்கொண்டு போவார்கள். பின்கட்டில் இருக்கும் நீல டிரம்மில் துடுப்புப் போட்டுச் சோப்பாயில் கலக்குவது அவர் வேலை. முழங்கை வரை நுரையோடு முன்னால் வந்து நிற்பதால் தெரு அவருக்கு வைத்த பெயர் நுரைக்காரர். அவளோ பாட்டிலில் ஊற்றி முடித்த பிறகும் புனலைச் சட்டென்று எடுக்க மாட்டாள். கடைசிச் சொட்டும் விழட்டும் என்று காத்திருந்துதான் எடுப்பாள். வாங்குகிறவனுக்கு உரியதை அவனிடமே கொடுத்துவிடுகிற அந்தப் பழக்கத்தில் அவள் சொட்டு அக்கா ஆனாள். அவளைவிட மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்தக் கடையில் அரை பாட்டில் என்பது கெட்ட வார்த்தை. சாயங்காலம் கடை எடுத்து வைக்கும்போது, ஒரே சரக்கு இரண்டு பாட்டிலில் பாதிப் பாதியாக நின்றால் நுரைக்காரருக்குக் கை பரபரக்கும். புனலை எடுத்து இரண்டையும் ஒன்றாக்கி, காலி பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். கடையோடு விட்டாரா என்றால் இல்லை. வீட்டில் இரண்டு ஷாம்பு, இரண்டு தலைக்கு வைக்கும் எண்ணெய், ஒருமுறை இரண்டு வேறு வேறு இருமல் மருந்து. "ரெண்டும் இருமலுக்குத்தானே?" என்றார் அப்போது.

இப்போது அந்தக் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். நுரைக்காரருக்கு இருப்பது ஒரே கண். இடது கண்ணில் சிறு வயதில் விளையாடும்போது அடிபட்டு, வெளிச்சம் தெரிவதோடு சரி. வலது கண்ணில்தான் அவர் குடும்பம் நடத்தினார். அதிலும் புரை விழுந்து, ஆளைக் குரலை வைத்து அடையாளம் காண்கிற நிலை வந்ததும், ஆபரேஷன் செய்தே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் சொட்டு அக்கா. வேண்டாம் என்று நின்றவர் நுரைக்காரரின் அக்கா. தம்பி பெண்டாட்டியைப் போனில் பிடித்து உலுக்கிவிட்டார்.

"இருக்கிறது ஒரு கண்ணு. அதையும் கொண்டுபோய்க் கத்தியில கொடுக்கணும்னு சொல்றியே, உனக்கு மனசு வருதா?"

"கத்தியில கொடுக்கலைன்னா தானாவே போயிடும் அண்ணி. டாக்டர் சொல்லிட்டாங்க."

"டாக்டர் சொல்லுவாங்க. போச்சுன்னா டாக்டர் வந்து அவன் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவாங்களா? நீதான் போகணும். ஞாபகம் வச்சுக்கோ."

அவள் ஞாபகம் வைத்திருந்தாள். நன்றாகவே வைத்திருந்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது மூன்று சின்ன பாட்டில்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்த நர்ஸ், பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் அவளுக்குச் சொன்னாள்.

"இந்த மஞ்சள் மருந்து ஆன்டிபயாடிக். கிருமி வராம இருக்க. இந்தப் பால் மாதிரி இருக்கிறது வீக்கத்துக்கு, குலுக்கிட்டுப் போடணும். மூணாவது எரிச்சலுக்கும் வலிக்கும். ஒண்ணு போட்டா அஞ்சு நிமிஷம் கழிச்சுத்தான் அடுத்தது. உடனே போட்டா முதல்ல போட்டதை அடுத்தது கழுவிட்டுப் போயிடும். பாட்டில் மூக்கு கண்ணுல படக்கூடாது, கை படக்கூடாது. போடறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் கை கழுவணும்."

"சோப்பா?" நுரைக்காரர் சிரித்தார். "இந்தக் கை சோப்புலயே ஊறின கைம்மா."

"ஊறினதையும் கழுவிட்டுப் போடுங்க," என்றாள் நர்ஸ். "கண்ணு சிவந்தா, வலிச்சா, பார்வை மங்கினா நாளைக்குப் பார்க்கலாம்னு இருக்கக்கூடாது. அப்பவே வந்துடணும்."

முதலில் எல்லாவற்றையும் சொட்டு அக்காதான் செய்தாள். சொட்டு விடுவது அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய வித்தையா? அவரை நாற்காலியில் சாய்த்து, கீழிமையை மெல்ல இழுத்து, ஒரு சொட்டு. பிறகு ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடம்தான் நுரைக்காரருக்கு முள்மேல் இருப்பது. கல்லாவில் ஆள் நிற்கும், டிரம் கலக்காமல் கிடக்கும், இவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஆச்சா? ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

முந்தாநாள் அவள் ஒரு பள்ளிக்கூடத்துக்கும் இரண்டு அலுவலகத்துக்கும் சரக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருந்தது. நேற்றும் அப்படியே. காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வர முடிந்தது. "நானே போட்டுக்கிறேன், நான் என்ன சின்னப்பிள்ளையா?" என்றார். வந்ததும் வராததுமாக, "மருந்து போட்டாச்சா?" என்று கேட்டாள். "எல்லாம் போட்டாச்சு," என்றார். ராத்திரி மருந்தையும் தானே போட்டுக்கொண்டதாகச் சொன்னார். களைப்பில் அவளும் சரி என்று விட்டுவிட்டாள்.

இப்போது இந்த மௌனம்.

"என்னங்க, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தானே இருக்கேன்."

"எதிர்க்கடையில என்ன போட்டிருக்கு?"

நுரைக்காரர் தலையை நிமிர்த்தினார். "இதென்ன கேள்வி? ஒரு சட்டை எடுத்தால் ஒரு சட்டை இலவசம். வாரம் பூரா அதைத்தானே படிக்கிறேன்."

சொட்டு அக்கா எதிர்க்கடையைத் திரும்பிப் பார்த்தாள். சட்டைக்கடைக்காரர் அந்த விளம்பரத் துணியை விடிந்ததும் விடியாததுமாகக் கழற்றிவிட்டு வேறு துணி கட்டியிருந்தார். ஆளுயர எழுத்து. கடை இடம் மாறுகிறது என்று சிவப்பில் எழுதியிருந்தது.

அவள் கிட்டே போய் அவர் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். வலது கண்ணின் வெள்ளை, காலையில் தூங்கி எழுந்த சிவப்பு அல்ல, வேறு மாதிரிச் சிவந்திருந்தது. இமையோரத்தில் மாவு காய்ந்ததுபோல் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"எப்போலேர்ந்து மங்கலா இருக்கு?"

"நேத்து சாயங்காலம் கொஞ்சம். தூங்கினா சரியாயிடும்னு பார்த்தேன்."

"வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல. உறுத்துது. நீ வேற அலைஞ்சுட்டு வந்தியா, எதுக்குச் சொல்லணும்னு..."

அவள் அலமாரியில் இருந்த எவர்சில்வர் டப்பாவைத் திறந்தாள். மூன்று பாட்டில் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். மஞ்சளும் இல்லை, பாலும் இல்லை. மோரில் மஞ்சள்தூள் விழுந்ததுபோல் ஒரு நிறம். தண்ணீரில் பினாயிலை விட்டால் எப்படி வெளுக்கும், எவ்வளவு விட்டால் எந்த வெளுப்பு என்று ஆயுசுக்கும் பார்த்தவள் அவள். என்ன நடந்திருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் அவர் வாயால் கேட்டாக வேண்டும்.

"மத்த ரெண்டு பாட்டில் எங்க?"

நுரைக்காரர் பின்கட்டைப் பார்த்தார். கழுவிக் கவிழ்த்த பாட்டில் வரிசையின் கடைசியில், பெரிய பாட்டில்களுக்குப் பக்கத்தில் இரண்டு குட்டிப் பாட்டில்கள் பளிச்சென்று கவிழ்ந்திருந்தன.

"மூணும் அதே கண்ணுக்குத்தானே போகுது?" என்றார் மெல்ல. "ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு நிமிஷம், அஞ்சு நிமிஷம்னு உட்கார்ந்தா கடையை யாரு பார்க்கிறது? ஒண்ணா இருந்தா ஒரு சொட்டுல வேலை முடிஞ்சுது."

"எப்படி ஊத்துனீங்க? அந்த மூக்கைத் திறக்கவே முடியாதே."

"கத்தி முனையில நெம்பினா வந்துடும்."

"அப்புறம்?"

"நம்ம சென்ட்டுப் புனல் இருக்குல்ல, சின்னது."

சோப்பாயிலுக்கு எலுமிச்சை வாசனை ஊற்றுகிற புனல் அது. சொட்டு அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"கழுவிட்டுத்தான் ஊத்துனேன்," என்றார் அவசரமாக.

"எதுல கழுவுனீங்க?"

"நம்ம சோப்பாயில்லதான்."

அவள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தாள். ஷட்டரைப் பாதி இறக்கினாள். காலி பாட்டிலோடு வந்து நின்ற ஒரு பெண், "அக்கா, ஒரு லிட்டர்..." என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்ததும் மீதியை விழுங்கிக்கொண்டாள். தெருமுனையில் டாக்சி நின்றது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது, நீதான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும் என்று அண்ணி சொன்னது நினைவுக்கு வந்தது. பிடித்த கையை விடவும் முடியாமல், பிடித்திருக்கவும் பொறுக்காமல் அவள் நடந்தாள்.

ஆஸ்பத்திரியில் அதே நர்ஸ்தான் இருந்தாள். டப்பாவைத் திறந்து பாட்டிலைக் காட்டியதும் அவள் முகத்தில் சிரிப்பும் கோபமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன, கோபம் ஜெயித்தது. வரிசையில் நிற்க வைக்காமல் நேராகப் பார்வைப் பலகை இருந்த அறைக்குக் கூட்டிப் போனாள்.

போன தடவை வந்தபோது நுரைக்காரர் அந்தப் பலகையில் கடைசிக்கு முந்தின வரிவரை கடகடவென்று படித்து, "கீழே இன்னும் இருக்கா?" என்று கேட்டவர். இன்று நடுவிலேயே நின்றுவிட்டார். ஒரு எழுத்தைச் சொல்லி, இல்லை என்று மாற்றி, மறுபடி முதலில் சொன்னதையே சொன்னார். நர்ஸ் எதுவும் பேசாமல் எழுதிக்கொண்டாள். சொட்டு அக்கா அவள் எழுதுவதை எட்டிப் பார்த்தாள்.

டாக்டரம்மா வேறொரு நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்ததால் வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்த உடனே போன் அடித்தது. அண்ணிதான். அவருக்கு எங்கிருந்துதான் மூக்கில் வியர்க்குமோ தெரியவில்லை. சொட்டு அக்கா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் அதன்மேல் போகவில்லை.

நுரைக்காரர் கையை நீட்டி வாங்கினார்.

"அக்கா, ஆஸ்பத்திரியில இருக்கோம். கண்ணு கொஞ்சம் சிவந்திருக்கு." மறுமுனையில் கிளம்பிய சத்தம் பக்கத்து பெஞ்சுக்கே கேட்டது. "இரு, முழுசாக் கேளு. அவளை ஒண்ணும் சொல்லாத. அவ ஒழுங்கா போட்டுக்கிட்டிருந்தா. நான்தான் மூணு மருந்தையும் ஒண்ணா ஊத்தி வச்சுட்டேன்... ஆமா, புனல் வச்சுத்தான்... ஆமாக்கா, எனக்குப் புத்தி இல்லதான். ஆபரேஷன் பண்ணிக்கிட்டதும் நான்தான். அவ சொன்னா, நான் சரின்னேன். என் கண்ணு, என் வாயால சரின்னேன். வைக்கிறேன்."

போனை அவளிடம் கொடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் எதிர்ச் சுவரைப் பார்த்தார். சுவரில் பெரிய எழுத்தில் என்னவோ ஒட்டியிருந்தது. அவர் படிக்கவில்லை. சொட்டு அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டரம்மா அவர்களுக்கு மகள் என்றால் நம்பலாம், அந்த வயது. நுரைக்காரரின் தாடையைக் கருவியின் மேடையில் வைக்கச் சொல்லி, நெற்றியைப் பட்டையில் ஒட்டச் சொல்லி, அறை விளக்கை அணைத்தாள். மெல்லிய கத்திபோல் ஒரு வெளிச்சம் கண்ணுக்குள் போனது. இடமிருந்து வலம், வலமிருந்து இடம். மேலே பார்க்கச் சொன்னாள், கீழே பார்க்கச் சொன்னாள். சொட்டு அக்காவுக்குத் தெரிந்ததெல்லாம் டாக்டரம்மாவின் முதுகும், வீட்டுக்காரரின் சட்டைக் காலரின் நைந்த ஓரமும்தான். அந்த ஓரத்தை மடித்துத் தைக்க வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தாள். கடவுளே, இந்தக் கண்ணை விட்டுவிடு, இன்றைக்கே தைத்துவிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். என்ன வேண்டுதல் இது என்று அவளுக்கே தோன்றியது. ஆனால் வேறு எதுவும் வாயில் வரவில்லை.

டாக்டரம்மா மறுபடியும் ஒருமுறை பார்த்தாள். பிறகு விளக்கைப் போட்டாள்.

"உள்ள தெளிவா இருக்கு."

இருவரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"புரியுதா? கண்ணுக்குள்ள கிருமி பிடிச்ச அடையாளமே இல்ல. சீழ் இல்ல, கலங்கல் இல்ல. ஆபரேஷன் பண்ணின இடம் நல்லா மூடியிருக்கு."

"அப்போ சிவப்பு?" என்றாள் சொட்டு அக்கா.

"அது மேல்பக்க எரிச்சல். சோப்பு பட்ட புனல்ல ஊத்தினா கண்ணு என்ன, கொஞ்சுமா? பால் மாதிரி இருக்கிற மருந்து கலங்கி, கண்ணு மேலேயே மாவாப் படிஞ்சிருக்கு. அதான் மங்கல். கழுவி விடறேன்."

நர்ஸ் சலைன் ஊற்றிக் கண்ணைக் கழுவினாள், இமையோரத்தைத் துடைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதே பார்வைப் பலகை. நுரைக்காரர் முதல் வரியைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். நடுவில் நின்ற இடம் வந்தது. அவர் அந்த வரியைத் தாண்டி, அடுத்ததைத் தாண்டி, கடைசிக்கு முந்தின வரியில் போய் நின்று, "கீழே இன்னும் இருக்கு, ஆனா அது எறும்பு," என்றார்.

சொட்டு அக்கா அங்கேயே கிடந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். அதுவரை வராத அழுகை இப்போது வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. நர்ஸ் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு, "இப்ப அழுங்கக்கா, பரவாயில்ல," என்றாள்.

மறுபடி டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தபோது அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இவ்வளவு கூத்துக்கும் எப்படிம்மா ஒண்ணும் ஆகல?"

"பாதி உங்க அதிர்ஷ்டம். மீதி, ஆபரேஷன் முடியற நேரத்துல கண்ணுக்குள்ளேயே ஒரு துளி ஆன்டிபயாடிக் விட்டுட்டுத்தான் விடுவோம். உள்ள ஒண்ணு ரெண்டு கிருமி நுழைஞ்சிருந்தாலும் அங்கேயே அடங்கிடும். அது உள்ளே நிக்கிற காவல்."

நுரைக்காரர் முகம் மலர்ந்தது. "அப்போ உள்ளயே காவல் இருக்கா? வெளியில இந்தச் சொட்டெல்லாம் எதுக்கு?"

"ஐயா." டாக்டரம்மா நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள். "உங்க கடைக்கு ராத்திரி காவலுக்கு ஒருத்தர் இருக்கார்னு வச்சுக்கோங்க. ஷட்டரைத் திறந்து போட்டுட்டுத் தூங்குவீங்களா?"

"மாட்டேன்."

"திறந்து போட்டதோட நிக்கல நீங்க. உள்ள வாங்கன்னு கூப்பிட்டு வேற வச்சிருக்கீங்க. அந்த பாட்டில் மூக்கைத் திறக்கிற வரைக்கும்தான் சுத்தம். கத்தி வச்சு நெம்பி, புனல் வச்சு ஊத்தினா, கிருமியைக் கொல்ற மருந்துலயே கிருமி போயிடும். மருந்தும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்தா எது வேலை செய்யும், எது செய்யாதுன்னு எனக்கே தெரியாது. ஒரு கண்ணை வச்சுக்கிட்டு இந்த விளையாட்டு வேண்டாம். உள்ள போன கிருமி பார்வையையே கொண்டு போயிடும், திரும்ப வராது."

நுரைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இன்னிக்கு நல்லா இருக்குங்கிறதுக்காக விட்டுட முடியாது. நாளைக்குக் காலையில வாங்க, மறுபடி பார்க்கணும். நடுவுல வலிச்சாலோ மங்கினாலோ, எந்த நேரமா இருந்தாலும் வந்துடணும். தூங்கினா சரியாயிடும்ங்கிற பேச்சே கூடாது." புதிதாக மூன்று மருந்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, டப்பாவில் இருந்த பாட்டிலை எடுத்துக் குப்பைக் கூடைக்குள் போட்டாள்.

நுரைக்காரரின் கை தானாக முன்னால் போனது. "இன்னும் பாதி இருக்கேம்மா..."

மூன்று பெண்கள் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்தார்கள். கை பின்னால் வந்துவிட்டது.

திரும்பும்போது பஸ்ஸில் வந்தார்கள். ஜன்னலோரத்தில் அவரை உட்கார வைத்தாள். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. நாலு நிறுத்தம் போயிற்று, மனிதர் வாயைத் திறக்கவில்லை.

"ஏன் பேசாம வர்றீங்க? தெரியலையா?"

"எல்லாம் தெரியுது. படிச்சா நீ திட்டுவியே."

"படிங்க."

"நிஜமாவா?"

"படிங்கன்னா படிங்க."

தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள்," என்று ஓட்டுநருக்கே கேட்கும்படி படித்தார். முன்னால் இருந்தவர்கள் திரும்பினார்கள். சொட்டு அக்கா முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. அதன்பிறகு தெரு முழுக்க வந்தது. பல் கட்டப்படும். வாடகைக்கு இடம் உண்டு, உள்ளே விசாரிக்கவும். நாய் ஜாக்கிரதை. இறங்குகிற இடம் வரும்வரை அவர் நிறுத்தவில்லை, அவளும் நிறுத்தச் சொல்லவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அண்ணியைக் கூப்பிட்டது அவள்தான். "அண்ணி, கண்ணு நல்லா இருக்கு. டாக்டர் பார்த்துட்டாங்க."

அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு விட்டது கேட்டது. "நல்லா இரும்மா. நான் அப்போ என்னென்னவோ பேசிட்டேன்..." என்று இழுத்தார் அண்ணி. பிறகு பழைய குரல் வந்துவிட்டது. "அந்தப் புனலை முதல்ல எடுத்து ஒளிச்சு வை. அவன் சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். குழம்பையும் ரசத்தையும் ஒண்ணா ஊத்தித்தான் திம்பான்."

கடை திறந்ததும் சொட்டு அக்கா முதலில் கையைக் கழுவினாள். அவரை நாற்காலியில் சாய்த்தாள். புதுப் பாட்டிலின் மூடியைத் திருகி, கீழிமையை இழுத்து, பாட்டிலின் மூக்கு எங்கேயும் படாமல் ஒரு சொட்டு விட்டாள். மஞ்சள் மருந்து. அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் எதிரே இருந்த கேன்மேல் உட்கார்ந்தாள். நைந்த காலர் கண்ணில் பட்டது. ஊசி நூல் எங்கே வைத்தோம் என்று யோசித்தாள்.

காலையில் திரும்பிப் போன பெண் மறுபடி காலி பாட்டிலோடு எட்டிப் பார்த்தாள். "அக்கா, இப்பவாவது..."

"அஞ்சு நிமிஷம் இரும்மா."

"ஆச்சா?" என்றார் நுரைக்காரர்.

"இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அது அவருக்குப் பெரிய விஷயம். பிறகு கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"பஸ்லேர்ந்து இறங்கும்போது பார்த்தேன். எதிர்க்கடைக்காரன் புதுசா என்னவோ கட்டியிருக்கான். கடை மாறுதுன்னு பெரிசாத் தெரிஞ்சுது. கீழே பொடியா ஒரு வரி இருந்துச்சு. எங்க மாறுதாம்?"

"நானே சொல்லிட்டா எப்படி?" என்றாள் சொட்டு அக்கா. "இன்னும் ரெண்டு சொட்டு இருக்கு. முடிஞ்சதும் நீங்களே படிச்சுச் சொல்லுங்க."